ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்: கழற்றுவதற்கு முன் காது கொடுங்கள்

மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாதபோது பலரும் முதலில் கை வைப்பது ஸ்பார்க் பிளக்கில்தான். அதற்கு முன், செல்ஃப் பொத்தானை ஒருமுறை அழுத்தி என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். எஞ்சின் சுழலவே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பகுதியில் இருக்கும். நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பெட்ரோல், தீப்பொறி, காற்று ஆகியவற்றில் ஒன்று குறைகிறது. இதைப் பிரித்தறியாமல் உதிரிபாகங்களை மாற்றத் தொடங்கினால், காசு கரைந்த பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்.

பொத்தானை அழுத்தியும் சத்தமே வரவில்லை என்றால், கைப்பிடியில் எஞ்சினை உடனே நிறுத்துவதற்காக உள்ள கில் ஸ்விட்சைப் பாருங்கள். வண்டியைத் துடைக்கும்போது அது நகர்ந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவார்கள். அடுத்து, வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு மீண்டும் முயலுங்கள். பல வண்டிகளில் இவற்றோடு இணைந்த சிறு சுவிட்சுகள் பாதுகாப்புக்காக செல்ஃபைத் தடுத்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தால் பியூஸைச் சோதியுங்கள்.

கடகடவென்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறது. முழுமையாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கையில் இல்லையென்றால், ஹெட்லைட்டை எரியவிட்டு பொத்தானை அழுத்துங்கள். வெளிச்சம் அறவே மங்கினால் சந்தேகம் பேட்டரி மீதுதான். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். அப்போதுதான் ஸ்பேனர் தவறி வண்டியின் உலோகச் சட்டத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயோ, அந்த மோட்டாரோ பழுதாகியிருக்கலாம்.

புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எப்படியாவது வண்டி கிளம்பிய பிறகு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் சார்ஜ் செய்யும் அமைப்பிலேயே பழுது இருக்கிறது. புதிய பேட்டரியும் விரைவில் படுத்துவிடும். பேட்டரி பலவீனமான, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட வண்டியைக் கிக்கரை உதைத்தோ தள்ளியோ கிளப்பிவிடலாம். ஆனால் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முழுவதும் தீர்ந்திருந்தால் பம்பே இயங்காது என்பதால், தள்ளிக் களைத்துப் போவதுதான் மிச்சம்.

எஞ்சின் சுழன்றும் பற்றவில்லை என்றால், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தே பாருங்கள். அளவுமானியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடிகள் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பம்பின் பியூஸிலிருந்து தேடத் தொடங்குங்கள். கார்புரேட்டர் வண்டியில் டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் திறப்பானை (காக்) ரிசர்வுக்குத் திருப்பி, எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுத்து முயலுங்கள். பல வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டி என்றால், பழைய பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்லும் பைலட் ஜெட் என்ற சிறு பாகத்தின் நுண்துளையை அடைத்திருக்கக்கூடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள திருகைத் தளர்த்திப் பழையதை வடித்துவிட்டுப் பார்க்கலாம். பலனில்லை என்றால் ஜெட்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பிளக்கைக் கழற்ற வேண்டிய கட்டம் இதுதான். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்துபிடித்து ஸ்டார்ட் செய்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறும். உலர்ந்திருந்தால் எரிபொருளே வந்து சேரவில்லை. கருமையாகப் புகைக்கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீப்பொறியைச் சோதிப்பதானால், பிளக்கை அதன் வயரின் முனையிலுள்ள தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சினின் உலோகத்தோடு நன்றாகத் தொடவைத்து, செல்ஃபை அழுத்திப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும் என்பதால், பிளக்கை அத்துளைக்கு அருகே வைக்கக் கூடாது. கையிலும் பிடிக்கக் கூடாது.

எந்தச் சோதனையிலும் செல்ஃபைத் தொடர்ந்து 5 நொடிகளுக்கு மேல் அழுத்த வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் சற்று இடைவெளி விடுங்கள்.

பெட்ரோலும் பொறியும் காற்றும் சரியாக இருந்தும் வண்டி கிளம்பவில்லை, கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லாமல் இலகுவாக இறங்குகிறது என்றால், சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கிறது. வால்வு இடைவெளி மிகவும் இறுகிப்போனாலும், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தாலும் இப்படி ஆகும். இதை அழுத்தமானி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.