சார்ஜர் போட்டதும் குதிக்கும் கர்சர்: டச்பேட் கோளாறை எங்கிருந்து தேடுவது?

கர்சர் தானாக ஓடுகிறது, ஒரு தட்டுக்கு இரண்டு கிளிக் விழுகிறது, இரண்டு விரலால் ஸ்க்ரோல் செய்தால் பக்கம் பெரிதாகிறது. இப்படி ஒரு லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் "டச்பேட் மாத்தணும்" என்றுதான் பதில் வரும். மாற்றுவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

பேட்டரியில் ஒழுங்காக இருந்து, சார்ஜர் செருகியதும் ஆட்டம் தொடங்கினால் கோளாறு டச்பேடில் இருக்க வாய்ப்பு குறைவு. சார்ஜர், அதன் கார்டு (சுவருக்குப் போகும் பவர் ஒயர்), சுவரில் உள்ள பிளக் பாயின்ட், அதற்குப் பின்னால் போகும் எர்த் ஒயர் ஆகியவற்றில் தேடுங்கள். பேட்டரியிலும் அதே ஆட்டம் என்றால் லேப்டாப்புக்குள் தேட வேண்டும். பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும் சோதனை இது.

எதற்கும் முன்னால்: பேட்டரி வீங்கியிருக்கிறதா?

பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து தலையணை போல உப்பும். அது டச்பேடைக் கீழிருந்து தள்ளுவதால் கிளிக் கல் மாதிரி இறுகும், அல்லது அழுத்தாமலே கிளிக் விழும். ஒரு ஸ்கேலை நிமிர்த்தி டச்பேடின் குறுக்கே வையுங்கள். நடுவில் முட்டி இரண்டு ஓரமும் தூக்கினால் சந்தேகமே வேண்டாம். லேப்டாப்பைத் தட்டையான மேஜையில் வைத்துத் தள்ளாடுகிறதா என்றும் பாருங்கள்.

வீங்கியிருந்தால் உடனே சார்ஜ் போடுவதை நிறுத்தி, ஷட்டவுன் செய்துவிடுங்கள். அழுத்தித் தட்டையாக்கவோ ஊசியால் குத்திக் காற்றை இறக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

மென்பொருள் பக்கம், சுருக்கமாக

வெளி மவுஸையும் அதன் யூஎஸ்பி ரிசீவரையும் கழற்றுங்கள். பையில் கிடக்கும் ப்ளூடூத் மவுஸ் அசைந்து கர்சரை ஓட்டுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தொடுதிரை லேப்டாப் என்றால் திரையைத் துடையுங்கள். கீபோர்டு நடுவில் சிவப்புக் குமிழ் இருந்தால் அதுவும் தானாக நகரும், கையை எடுத்துச் சில விநாடி விட்டால் நின்றுவிடும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போய் சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறையுங்கள். சரியாகாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் டச்பேடை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், டிரைவர் தானாக ஏறும். அதற்குள் கர்சர் இல்லாமல் திண்டாடாதிருக்க ஒரு யூஎஸ்பி மவுஸைக் கைவசம் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து பாருங்கள். அங்கும் அதே ஆட்டம் என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சார்ஜர் ஏன் டச்பேடைக் குழப்புகிறது?

டச்பேடின் கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ கீழே மெல்லிய செம்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. விரல் அருகே வரும்போது அந்தக் கோடுகளுக்கிடையே உள்ள கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) ஒரு பிக்கோஃபாரடுக்கும் குறைவாகவே மாறும். அவ்வளவு சின்ன மாற்றத்தை வைத்துத்தான் உள்ளே உள்ள சிப் விரல் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது.

சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 19 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒய் கெபாசிட்டர் என்ற சின்ன நீல நிற வில்லை ஒன்று இருக்கும். அளவு பெரும்பாலும் 1 முதல் 4.7 நானோஃபாரட். சார்ஜர் எழுப்பும் இரைச்சலை அடக்கத்தான் அது இருக்கிறது, ஆனால் அதன் வழியே கொஞ்சம் மின்சாரமும் கசியும். 2.2 நானோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர்தான். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடம்பு முழுவதும் அந்த மின்னழுத்தத்தில் மிதக்கும். உலோக உடம்பில் விரலை லேசாகத் தேய்த்தால் நரநரவென்று ஒரு சொரசொரப்பு தெரிகிறதே, அது இதுதான். அதோடு சார்ஜருக்குள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கும் ஸ்விட்சிங் இரைச்சலும் ஏறிக்கொள்ளும். உங்கள் விரல் தரையோடு சேர்ந்தது, லேப்டாப் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இரைச்சலை டச்பேட் இன்னொரு விரல் என்று எடுத்துக்கொள்கிறது.

கார்டும் அடாப்டரும்

அடாப்டரில் கார்டு செருகும் வாயைப் பாருங்கள். எட்டு வடிவ வாய்க்குள் இரண்டு பின் என்றால் அதில் எர்த்தே கிடையாது. மிக்கி மவுஸ் முகம் போன்ற வாய்க்குள் மூன்று பின் என்றால் உண்டு. சுவரில் செருகும் பக்கம் மூன்று பின் கார்டு இருந்தும் டூ பின் கன்வெர்ட்டர் போட்டுச் செருகுவது, பெரிய பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது இரண்டும் நம் வீடுகளில் சகஜம். இரண்டிலும் எர்த் போய்விட்டது என்றே பொருள்.

கார்டைச் சுவரிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் கழற்றி, மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் (இணைப்பு இருந்தால் சத்தம் எழுப்பும் நிலை) வையுங்கள். ஒரு முனை பிளக்கின் பெரிய பின்னில், மறுமுனை கார்டின் மிக்கி மவுஸ் தலையில் தனித்து நிற்கும் துளையில். சத்தம் வர வேண்டும். கார்டை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். விட்டு விட்டுச் சத்தம் வந்தால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது, கார்டை மட்டும் மாற்றினால் போதும். அடாப்டரின் எர்த் பின்னுக்கும் லேப்டாப்பில் செருகும் முனையின் வெளிப்பக்கத்துக்கும் பஸ்ஸர் அடிக்காவிட்டால் அதைக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். சில அடாப்டர்களில் அந்த இணைப்பு இருக்காது, சிலவற்றில் ரெசிஸ்டர் வழியாகப் போகும்.

சார்ஜரின் டிசி முனையில் ஏசி நிலையில் மீட்டரை வைத்து "இரைச்சல் 40 வோல்ட்" என்று பயந்துவிட வேண்டாம். விலை குறைந்த மஞ்சள் மீட்டர்கள் டிசியைத் தடுக்காமல் இருமடங்குக்கும் மேலாகக் காட்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் வரும்.

பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா?

இந்தக் கட்டத்தில் 230 வோல்ட்டைத் தொடுகிறோம். பழக்கமில்லாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்களே பார்ப்பதானால், மீட்டரின் சிவப்பு ஒயர் வோல்ட் குறி போட்ட துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் இருந்தால் பாயின்டில் வைத்த கணமே ஷார்ட் ஆகும். நிலை ஏசி 600 அல்லது 750.

பாயின்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் சுமார் 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். 80, 120 என்று அலைபாய்ந்தால் எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பொதுவாக ஓரிரு வோல்ட்.

அந்த எண் துல்லியமாக 0.0 என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பாயின்டில் ஒரு அயர்ன் பாக்ஸைப் போட்டு மறுபடி பாருங்கள். ஒழுங்கான எர்த் என்றால் எண் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் நியூட்ரல் ஒயரில் லோடு ஓடுகிறது. ஏறாமல் பூஜ்யத்திலேயே நின்றால் யாரோ பாயின்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருக்க வாய்ப்புண்டு. ஒரு நாள் நியூட்ரல் அறுந்தால், எர்த் வழியாக உங்கள் லேப்டாப்பின் உடம்புக்கே முழு 230 வோல்ட்டும் வந்துவிடும். கர்சர் சரியானாலும் உயிர் போகும் வேலை இது, உடனே பிரிக்கச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பிக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ ஒயர் இழுத்து எர்த் கொடுப்பதும் வேண்டாம்.

பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். குழியில் தண்ணீர் ஊற்றுங்கள், அதன் மேல் உள்ள போல்ட்டில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனபோது மட்டும் கர்சர் ஆடுகிறதா? வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். அதன் அலை கூர்மையாக ஏறி இறங்குவதால் சார்ஜரில் இரைச்சல் கூடும். அந்த நேரத்தில் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுவதே சுலபம்.

பேட்டரியிலும் ஆடினால்

முதலில் துடையுங்கள். எண்ணெய், வியர்வை, தோசை மாவு எதுவானாலும் செம்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் போலத்தான் தெரியும். ஷட்டவுன் செய்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உலரவிட்டு ஆன் செய்யுங்கள். துணியில் ஊற்றுங்கள், டச்பேடில் ஊற்றாதீர்கள்.

அடுத்து உள்ளே. அடிப்பாக ஸ்க்ரூக்களைக் கழற்றி (நீளம் வேறு வேறாக இருக்கும், ஒரு தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்) முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். டச்பேடிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிளைத் தேடுங்கள். அதன் கனெக்டரில் மெல்லிய மூடி இருக்கும், அதை நகத்தால் மேலே தூக்கிய பிறகே கேபிளை இழுக்க வேண்டும். கேபிள் நுனியின் தங்க நிறக் கோடுகளில் கறுப்போ மடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, நேராகச் செருகி மூடியை அழுத்துங்கள்.

பெரும்பாலோர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டச்பேடின் உலோகச் சட்டத்தை லேப்டாப்பின் கிரவுண்டோடு சேர்ப்பது சில ஸ்க்ரூக்களும் ஒரு துண்டு அலுமினிய டேப்பும்தான். கீபோர்டோ பேட்டரியோ மாற்றிய பிறகு ஆட்டம் தொடங்கியிருந்தால், விட்டுப்போன ஸ்க்ரூவோ கிழிந்த டேப்போதான் காரணமாக இருக்கும். கடத்தும் பசையுள்ள செம்பு டேப் வாங்கி, பழைய டேப் இருந்த இடத்தில் மட்டும், ரிப்பன் கனெக்டரைத் தொடாமல் ஒட்டுங்கள். இத்தனைக்கும் பிறகும் கர்சர் குதித்தால் டச்பேட் தொகுதியையே மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரைவிட, டச்பேடின் பின்புறம் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள், ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை வருவதுண்டு.