ட்ரம்பெட் வாங்கப் போகிறீர்களா? லீட்பைப் விஷயத்தில் பலரும் சறுக்கும் இடங்கள்

அண்ணா சாலையிலோ வேறெங்கோ ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பெல்லும் (விரிந்த முன்வாய்) பளபளப்பும்தான். விலை கேட்ட கையோடு அடுத்த கேள்வி, "போர் எவ்வளவு?" மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து ட்யூனிங் ஸ்லைடு (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) வரை போகும் அந்த ஒரு சாண் குழாயை, அதாவது லீட்பைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஊதும்போது காற்றுக்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கும், மேல் ஸ்வரங்கள் எவ்வளவு பிடிப்பாக நிற்கும் என்பதில் லீட்பைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

போர் எண் என்பது வால்வுப் பகுதியில் உள்ள நேர்க்குழாயின் உள்விட்டம். யமஹா 2330 மாடலில் அது 11.65 மி.மீ., பேக் (Bach) நிறுவனத்தின் ஸ்ட்ராடிவேரியஸ் 180 வரிசையின் மீடியம் லார்ஜில் 0.459 அங்குலம், அதாவது சுமார் 11.66 மி.மீ. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் இரண்டையும் ஊதிப் பார்த்தால் ஒன்றுபோல் இருக்காது. லீட்பைப் 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலத்தில் தொடங்கி, போகப்போக விரிந்து போர் அளவைத் தொடுகிறது. எந்த அகலத்தில் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக விரிகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். போர் எண்ணை மட்டும் பார்த்து "இது ஃப்ரீயாகப் போகும்" என்று முடிவு கட்டுவது வீண்.

அதேபோல, "37 என்றால் பெருசு சார்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பேக்கின் 37, 43 எல்லாம் பெல் வடிவத்தின் எண்கள். 25 என்பது லீட்பைப்பின் எண். இவற்றை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது ரிவர்ஸ் லீட்பைப். குழாயைத் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் ட்யூனிங் ஸ்லைடின் மேல் கால், லீட்பைப்பைத் தாங்கும் வெளிக்குழாய்க்கு உள்ளே நுழையும். ரிவர்ஸில் அந்தக் கால் லீட்பைப்பின் மேலே உறையாக ஏறும்; லீட்பைப்பே உள்குழாய். அதனால் லீட்பைப்பை நீளமாக வைக்க முடிகிறது. ஸ்லைடை இழுக்கும்போது உள்ளே உண்டாகும் இடைவெளியும் மவுத்பீஸிலிருந்து தள்ளி, வளைவின் பக்கம் போய்விடுகிறது. ஊதுபவர்கள் பெரும்பாலும் இதை 'திறந்த' உணர்வு என்பார்கள். எல்லாருக்கும் அது நல்லதல்ல. எதிர்ப்பு குறைந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும் வேலை உங்கள் தலையில் விழும். மூச்சுப் பழக்கம் போதாதவருக்கு இரண்டு பாட்டிலேயே உதடு தளர்ந்துவிடும். "பிறகு ரிவர்ஸாக மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் லேசான காரியமில்லை. லீட்பைப்போடு ட்யூனிங் ஸ்லைடும் மாற வேண்டும், பற்றவைத்த இடங்களைக் கழற்ற வேண்டும்.

இரண்டு லீட்பைப்பை ஒப்பிடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கடையில் கொடுக்கும் மவுத்பீஸில் ஊதுவது. உங்களுடையதையே கொண்டு போங்கள். அது ரிசீவருக்குள், அதாவது மவுத்பீஸ் செருகும் வாய்க்குள், சுமார் 2.5 செ.மீ. போக வேண்டும். மவுத்பீஸின் ஷாங்க் (செருகும் தண்டு) முனைக்கும் லீட்பைப் தொடக்கத்துக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளி மாறினாலே ஊதும் உணர்வு மாறிவிடும். அப்போது நீங்கள் ஒப்பிடுவது லீட்பைப்பையே அல்ல. ஒரு ட்ரம்பெட்டில் ஸ்வரப் பிடிப்பு சரியில்லை என்று தோன்றினால், ஷாங்க்கில் ஒரு சுற்று மெல்லிய காகிதம் சுற்றிச் செருகிப் பாருங்கள். உடனே தேறினால் குறை லீட்பைப்பில் இல்லை, பொருத்தத்தில்.

ஏசி ஷோரூமில் எடுத்த எடுப்பில் ட்யூனர் பார்ப்பதும் கூடாது. குளிர்ந்த ட்ரம்பெட் சுருதி குறைந்தே பேசும். பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டு, ஏ=440-க்கு வைத்த பிறகு ஒப்பிடுங்கள். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் நீங்கள் சி ஊதினால் ட்யூனர் பி ஃப்ளாட் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துக் கருவியைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் குழாய் 2 செ.மீ. நீளும். மொத்தம் சுமார் 148 செ.மீ. உள்ள குழாயில் அது சுருதியை ஏறத்தாழ 23 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஃபேன் மட்டும் சுற்றும் சர்ச் ஹாலிலோ கல்யாண ஊர்வலத்திலோ சுருதி ஏறும், ஸ்லைடை இன்னும் வெளியே இழுப்பீர்கள், இடைவெளியும் கூடும். ஆகவே ஸ்லைடை 1 செ.மீ., 2 செ.மீ. இரண்டு நிலையிலும் வைத்து ஊதிப் பாருங்கள். பிடிப்பு எதில் கெடுகிறது என்று தெரிந்துவிடும்.

எந்த ஸ்வரங்களைப் பார்ப்பது? வால்வு அழுத்தாமல் வரும் ஜி, நடு சி, மேல் ஈ, மேல் ஜி, உச்ச சி. இதில் ஈ இயல்பிலேயே சுமார் 14 சென்ட் தாழ்ந்து வரும். அதற்கு லீட்பைப்பைத் திட்ட வேண்டாம். 25 சென்ட் தாழ்ந்தால்தான் யோசிக்க வேண்டும். கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் ஏறி வருவது வால்வுகளைச் சேர்த்து அழுத்துவதால்; மூன்றாவது வால்வின் ஸ்லைடு தடையில்லாமல் நகர்கிறதா என்று பாருங்கள், போதும். நண்பர் ஒருவரை நாலு மீட்டர் தள்ளி பெல்லுக்கு எதிரே நிற்க வைத்து, எந்த மாடல் என்று சொல்லாமல் ஊதிக் காட்டுங்கள். உங்கள் காதுக்குப் பிரகாசமாகக் கேட்பது அவருக்கு மெலிந்து கேட்கலாம்.

பழைய ட்ரம்பெட் என்றால் லீட்பைப்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கருப்புப் புள்ளியோடு இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் உள்ளிருந்தே அரித்துப் போகிறது. பாலிஷ் போட்டால் போகாது. குழாயையே மாற்ற வேண்டும். செம்பு கூடுதலாக உள்ள கோல்டு பிராஸ் லீட்பைப் இந்த அரிப்பை மஞ்சள் பித்தளையைவிட நன்றாகத் தாங்கும். கடல் காற்றும் புழுக்கமும் உள்ள சென்னையில், பெல்லில் கூடுதல் வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம். வெள்ளிப் பூச்சு கூவம் ஓரத்து வீடுகளில் சீக்கிரம் கறுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் ட்ரம்பெட் வாங்குபவருக்கு லீட்பைப் ஒப்பீடே வேண்டாம். மீரட்டில் செய்ததோ ஜப்பானியப் பெயர் உள்ளதோ, வால்வைப் பாருங்கள். வால்வை அழுத்தாமல் இரண்டாவது வால்வின் ஸ்லைடை இழுத்தால் 'டப்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் காற்று கசிகிறது, லீட்பைப் எதுவானாலும் பயனில்லை.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் ஸ்னேக் பிரஷ் (வளையும் நீளப் பிரஷ்) விட்டுக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு லீட்பைப்புக்குள் படியும். புளியும் பாத்திரப் பொடியும் மேலே உள்ள லாக்கர் பூச்சைத் தின்றுவிடும், தேங்காயெண்ணெய் வால்வைப் பிசுபிசுப்பாக்கும். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் கட்டிங் பிளேயரால் திருகாதீர்கள். லீட்பைப் முறுக்கிக்கொள்ளும், பிரேஸ் (தாங்கு கம்பி) பற்றுவிட்டுப் போகும். மவுத்பீஸ் புல்லர் வைத்திருக்கும் ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை.