மஞ்சக் கடுதாசி கொடுத்த பிறகு வீட்டுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோர்ட்டில் ஐ.பி., அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்கிற மஞ்சக் கடுதாசி மனு, போட்டாயிற்று, நொடித்தவர் என்று உத்தரவும் வாங்கியாயிற்று, இனி கடன்காரர் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவதுதான் முதல் தவறு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக்கெல்லாம் 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான் இன்னும் நடக்கிறது. அதன்படி நொடித்தவர் என்று அறிவிப்பது பாதி வேலைதான். பழைய கடன்களிலிருந்து உங்களை விடுவிக்கிற விடுவிப்பு உத்தரவு என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு மனுப் போட கோர்ட்டே கெடு வைக்கும். கெடுவைக் கோட்டைவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகலாம், அப்புறம் பழைய கடன் அத்தனையும் திரும்ப உயிர் பெறும். ஆகவே நோட்டில் எழுதவேண்டிய முதல் வரி அரிசியும் பருப்பும் இல்லை, அந்தத் தேதியும் வக்கீல் செலவும்தான்.

விடுவிப்பு வரும்வரை இன்னொரு வம்பும் உண்டு. நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஐம்பதாயிரம் இல்லை, வெறும் ஐம்பது ரூபாய். உரக்கடையில் “அறுப்பு முடிஞ்சு தரேன்” என்று ஒரு மூட்டை யூரியாவைத் தூக்கிக்கொண்டு வருவதும் கடன்தான், மளிகைக் கடை சிட்டையும் கடன்தான். அதனால் கைக்காசுக்குள் அடங்குகிற செலவை மட்டும் எழுதுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வங்கிக்காரர்களும் டிவியில் பேசுகிறவர்களும் மாசச் சம்பளக்காரருக்குச் சொல்கிற முறையை அப்படியே எடுத்து, வருஷ வரவைப் பன்னிரண்டால் வகுத்து, மாசம் இவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். நெல் போடுகிற நம் வீட்டுக்குப் பணம் அப்படியா வருகிறது? சம்பாப் பணம் தை, மாசியில். குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில். மாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் கிடக்கிற 8 மாசம்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பது, ஏனென்றால் சித்திரை வைகாசிக் கல்யாணங்கள், ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, குறுவைக்கு உழவு, நாற்று, நடவுக் கூலி, ஆடி மொய் எல்லாம் அதற்குள்தான் வரிசைகட்டி வருகின்றன.

குத்தகை, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போக சம்பாவில் கையில் 96,000 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். குறுவைச் சாகுபடிக்கு 40,000 வேண்டுமென்றால் அதை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடவேண்டும். மீதி 56,000. எட்டால் வகுத்தால் மாசம் 7,000. வீடு நடத்த இருப்பது அவ்வளவுதான். 96,000-ஐ மொத்தமாகப் பார்க்கிற கண்ணுக்கு இந்த 7,000 தெரியாது, அதனால்தான் பங்குனியில் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆனியில் வட்டிக்கு அலைகிறோம். கூலி வேலை, பால் காசு, மகளிர் உரிமைத் தொகை இதெல்லாம் அந்த 7,000-க்கு மேலே சேரட்டும்.

இன்னொன்று, வராத நெல்லை வரவில் எழுதாதீர்கள். மேட்டூர் திறப்பது ஜூன் 12 என்பது வழக்கம்தான், ஆனால் 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28. தண்ணீர் வந்து, கதிர் முற்றி, கொள்முதல் நிலையத்தில் கொட்டின பிறகும் மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நாள்கணக்கில் தார்ப்பாயோடு காத்துக்கிடக்கவேண்டி வரும். குறுவைப் பணத்தை நம்பித் தீபாவளி ஜவுளிக்குக் கை நீட்டுகிறவர்கள் மாட்டுவது இதில்தான். வங்கிக் கணக்கில் பணம் ஏறின பிறகு நோட்டில் எழுதினால் போதும்.

மொய் நோட்டை மறப்பது அடுத்தது. கோர்ட்டுக்குக் கொடுக்கிற கடன் பட்டியலில் அது இருக்காது, ஆனால் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடத்தின வீட்டைக் கேட்டுப் பாருங்கள், அதைவிடக் கறாரான கடன் கிடையாது, வாங்கினதற்கு மேலே கொஞ்சம் சேர்த்து வேறு செய்யவேண்டும். நோட்டைப் பிரித்து, இந்த வருஷம் யார் யார் வீட்டில் விசேஷம் வரும், நமக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் குறியுங்கள். வாங்கினதை மட்டும் திருப்பிச் செய்தால் போதும். மேற்கொண்டு சேர்த்துச் செய்வதை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் ஊர் நாலு வார்த்தை பேசும், பேசட்டும். கௌரவத்துக்காக மொய் செய்யக் கடன் வாங்கினவர்கள்தான் இரண்டாம் தடவை விழுகிறார்கள்.

நொடித்தவர் பெயரில் கடன் கிடைக்காது என்றதும் வீட்டுப் பெண்கள் பெயரில் குழுக்கடன் வாங்குவதும் பரவலாக நடக்கிறது. இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. நாம் போகத்துக்குப் போகம் சம்பாதிக்கிறோம், தவணைக்காரர் வாராவாரம் வருவார். குடும்பத்தின் மாச வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரம்பு வைத்தது. அது கடன் கொடுக்கிறவருக்கு வைத்த உச்சவரம்பு. பாதி வரைக்கும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன 7,000-இல் பாதியைக் கொடுத்துவிட்டு உலை வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

விடுவிப்பு வந்த பிறகு சிபில் மாதிரி கடன் தகவல் அறிக்கையை வாங்கிப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். தீர்ந்த கடன் பாக்கி என்றே கிடந்தால் எழுதிக்கொடுத்துத் திருத்தவேண்டும்.

கடைசியாக, உங்கள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானோ பங்காளியோ இருப்பாரே, அவர் விஷயம். உங்களுக்கு விடுவிப்பு வந்தாலும் அவர் விடுபடமாட்டார், வங்கி அவரைப் பிடிக்கும். அவர் கட்டுகிற தொகையில் சம்பாவுக்குச் சம்பா ஒரு பங்கை, ஐயாயிரமானாலும், உங்கள் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். ஆனால் விடுவிப்புக்கு முன்னால் ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்தால் மற்ற கடன்காரர்கள் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம், அதனால் வக்கீலைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள், கொடுக்கிற அன்றைக்கு ரசீதும் எழுதி வாங்குங்கள்.