கைவிடப்பட்ட ஓடுதளம் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கண்டறியும் முறை

ஊருக்கு வெகு தொலைவில் புதர் மண்டிக் கிடக்கும் ஓர் ஓடுதளத்தின் கடந்த காலத்தை அறிய முற்படுபவர்களில் பலர், ஓடுபாதையை மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எவ்வகை விமானம் அங்கே இறங்கியிருக்க முடியும் என்பதைத்தான் ஓடுபாதை சொல்லும். அது எதற்காக வந்தது என்பதைச் சொல்ல வல்லது சுற்றியுள்ள நிலமே. ஆகவே, முதலில் செயற்கைக்கோள் படத்தில் வளாகம் முழுவதையும் பாருங்கள்.

மூன்று ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டி முக்கோணமாக அமைந்திருந்தால், அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து இராணுவத் தளமாக இருக்க வாய்ப்பு மிகுதி. வால் சக்கரம் கொண்ட அக்கால விமானங்களால் பக்கக் காற்றை அதிகம் தாங்க இயலாததால், காற்று எத்திசையில் வீசினாலும் ஏதேனும் ஒரு பாதை ஏற்றதாக இருக்கும்படி அமைத்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானத் தளங்களுக்கான போர்க்கால அளவுகோலின்படி முதன்மைப் பாதை ஏறத்தாழ 1,830 மீட்டரும் மற்ற இரண்டும் ஏறத்தாழ 1,280 மீட்டரும் நீளம் கொண்டவை. ஓடுபாதைகளைச் சுற்றிச் செல்லும் பாதையிலிருந்து கிளை பிரிந்து வட்டமாகவோ வளையமாகவோ முடியும் கான்கிரீட் திட்டுகளைத் தேடுங்கள். ஒரே தாக்குதலில் எல்லா விமானங்களும் அழிந்துவிடாதிருக்க அவற்றைச் சிதறலாக நிறுத்திய இடங்கள் அவை. கட்டடங்களிலிருந்து விலகி, மண் கரைகளால் சூழப்பட்ட சதுரங்கள் வெடிகுண்டுக் கிடங்குகளாக இருந்திருக்கலாம். இந்த அடையாளங்கள் சேர்ந்து கிடைக்குமிடத்தில் ஐயத்திற்கு இடமில்லை என்பது என் கருத்து.

கான்கிரீட்டோ தாரோ போடாத, சில நூறு மீட்டர் நீளமே உள்ள ஒற்றைப் பாதை சிறு விமானங்களுக்கானது. அது சரிவாக இருந்து, மேல் முனையில் உரத்தொட்டியோ சரக்கேற்றும் மேடையோ எஞ்சியிருந்தால், வயல்களுக்கு உரம் தூவிய விமானங்கள் பாரத்துடன் கீழ்நோக்கி ஓடிக் கிளம்பி, வெறுமையாக மேல்நோக்கி இறங்கியிருக்கும். அருகில் சுரங்கக் குழி இருந்தால், பாதை அந்தச் சுரங்கத்துக்காகவே அமைந்தது என்பது வெளிப்படை.

விமானங்கள் போன பிறகும் ஓடுதளங்கள் சும்மா இருப்பதில்லை. 1943இல் குண்டுவீச்சு விமானப் பயிற்சித் தளமாகத் தொடங்கிய இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், 1948 முதல் கார்ப் பந்தயக் களமாயிற்று. விமானச் சக்கரத் தடங்கள் பாதையின் முனைகளை ஒட்டி நேராக விழும். வளைந்து சுழலும் ரப்பர்க் கோடுகள் பின்னாளைய வாகனங்களுடையவை. தொலைவான ஓடுதளம் எதற்கும் கடத்தல் கதை ஒன்று ஒட்டிக்கொள்வது வழக்கம்; நீதிமன்றப் பதிவோ அக்காலச் செய்தியோ கிடைக்காதவரை அதை வதந்தியாகவே குறித்து வையுங்கள்.

காலத்தை நிர்ணயிக்கப் பழைய நில அளவை வரைபடங்களும், 1960க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து 1995இல் பொதுப் பார்வைக்கு விடுவிக்கப்பட்ட படங்களும் உதவும். ஒரு படத்தில் இல்லாத பாதை அடுத்ததில் தென்பட்டால், கட்டுமானக் காலம் அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பாதையின் மீது பெரிய பெருக்கல் குறி வரையப்பட்டிருந்தால் அது முறைப்படி மூடப்பட்டது என்று கொள்ளலாம்.

நேரில் செல்லுமுன் நில உரிமையாளரின் அனுமதியைப் பெறுங்கள். போர்க்காலத் தளங்களில் வெடிக்காத குண்டுகளும், மருந்து தெளிப்புத் தளங்களில் பூச்சிக்கொல்லி எச்சங்களும் மண்ணில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், கிடக்கும் உலோகப் பொருளையோ பீப்பாயையோ தொடாமல், படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள்.