ஞாயிறு ஆராதனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: புதிதாகச் சபை தொடங்குவோருக்கு

புதுச் சபை தொடங்க நம் ஊரில் ஒரு வரிசை பழகிப்போயிருக்கிறது. வாடகைக்கு ஒரு ஹால், வாசலில் பேனர், மைக்செட், கீபோர்டு வாசிக்க ஒரு தம்பி, துவக்க விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய பாஸ்டர். முதல் ஞாயிறு இடம் நிரம்பிவிடும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், வந்தவர்களில் பாதிப்பேர் பக்கத்துச் சபையில் மனத்தாங்கல் பட்டு வந்தவர்கள், மீதிப்பேர் சொந்தக்காரர்கள் என்று தெரியும். வாடகை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் செய்வது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். சென்னை, கோவை போன்ற ஊர்களின் புறநகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, இப்படி ஓர் எண்ணத்தைச் சுமந்து திரியும் கணவன் மனைவியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டுதான் அங்கே ஊழியத்தைத் தொடங்கினார்.

1. முதலில் அந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எத்தனை சபைகள் இருக்கின்றன? ஒரே தெருவில் நான்கு இருந்தால் ஐந்தாவது எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் வேண்டும். "அவர்களுக்கு அபிஷேகம் இல்லை" என்பது பதில் ஆகாது.

சபை இருந்தும் அங்கே போய்ச் சேராத ஆட்கள் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருக்கும் செவிலியர்கள், பி.ஜி. விடுதிப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர், கணவர் அனுப்பாததால் வீட்டோடு இருக்கும் பெண்கள். இவர்களில் யாரை உங்களால் வார நாளில் சந்திக்க முடியும் என்று பாருங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பிரசங்கத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். நமக்கு மொழி தெரியும் என்பதாலேயே ஆட்களையும் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

2. அனுப்பப்பட்டு வாருங்கள், பிரிந்து வராதீர்கள்

இப்போது போகும் சபையின் போதகரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சிஎஸ்ஐ ஐயரானாலும் சரி, பெந்தெகொஸ்தே பாஸ்டரானாலும் சரி, "ஐயா, எங்கள் பகுதியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம், ஜெபித்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அவர் மறுக்கலாம், காத்திருக்கச் சொல்லலாம். ஆறு மாதம் பொறுத்திருக்க முடியாதவரால் சபை நடத்த முடியாது. அந்தச் சபையிலிருந்து ஒரு குடும்பத்தையும் உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். ஆடு திருடித் தொடங்கிய மந்தையை அடுத்து வருகிறவர் திருடுவார்.

கூட இன்னொரு தம்பதியோ, இரண்டு நண்பர்களோ இருந்தால் போதும். தனி ஆளாகத் தொடங்காதீர்கள்.

3. வாரம் ஒரு நாள், சேர்ந்து சாப்பிடுங்கள்

உண்மையில் சபை தொடங்கும் படி இதுதான். பேனர் வேண்டாம், பெயரும் வேண்டாம். வெள்ளி இரவோ சனி மாலையோ, உங்கள் வீட்டில் சாம்பார் சாதமும் அப்பளமும். தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் விசுவாசிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவோம், ஜெபிப்போம் என்பதை மட்டும் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பிட வரச் சொல்லிவிட்டுப் பிரசங்கத்தில் மாட்டிவிடுவது மரியாதை அல்ல.

பிலிப்பி பட்டணத்துச் சபை இப்படித்தான் முளைத்தது. ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்கள் சிலர். அவர்களில் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த ஊதாத் துணி விற்கும் லீதியாள். பிறகு அவள் வீடு. பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளியே வந்தபோது நேரே அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். அங்கே ஏற்கெனவே சகோதரர்கள் இருந்தார்கள் (அப்போஸ்தலர் 16).

சேர்ந்து சாப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆராதனையில் எல்லாரும் ஒரே கீர்த்தனையைப் பாடலாம். ஆனால் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதில்தான் நம் சபைகளின் நிஜ முகம் தெரியும். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஒரு பகுதியினர் சபையை விட்டே விலகினார்கள். அது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். கொரிந்துவிலும் இதே தகராறுதான்: பணக்காரர்கள் முந்திச் சாப்பிட்டு முடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கடிந்துகொண்டது அந்தப் பந்தியைத்தான்.

ஆகவே சில வாரங்களில் பந்தியை உங்கள் வீட்டிலிருந்து நகர்த்துங்கள். வருகிறவர்களில் மிகச் சின்ன வீடு யாருடையதோ, அங்கே போங்கள். ஒருவர் அந்த வாரம் மட்டும் "கொஞ்சம் வேலை இருக்கிறது பிரதர்" என்று வராமல் போனால், அவரைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

4. மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து வையுங்கள்

சாப்பிட்டு முடித்ததும் பிரசங்கம் செய்யாதீர்கள். மாற்குவில் 16 அதிகாரங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். அதிகாரம் நீளமாக இருந்தால் ஒரு சம்பவம் போதும்.

ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். எழுத்துத் தெரியாதவர் இருந்தால் இரண்டு முறை வாசியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வேறொருவரைத் தம் சொந்த வார்த்தையில் அந்தச் சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு கேள்வி: இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம்: இதைக் கேட்டுவிட்டு, வருகிற வாரத்தில் நான் என்ன செய்யப்போகிறேன்?

"இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். "தம்பியோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது, புதன்கிழமை போன் பண்ணுகிறேன்" என்பது பதில். அடுத்த வாரம் சாப்பிடும்போது அந்த போன் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். செய்திருக்க மாட்டார்கள், பரவாயில்லை. கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். உங்களையும் அவர்கள் கேட்கட்டும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். அவனை உயிரோடு எழுப்பப் பவுல் அங்கே இருந்தார். நாம் 45 நிமிடத்தில் முடித்துக்கொள்வது உத்தமம்.

5. வார நாட்களில் சீஷராக இருப்பது

இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டதற்கு மாற்கு முதலில் சொல்லும் காரணம், அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அடுத்தது (மாற்கு 3:14). சீஷத்துவத்துக்குப் பாடப்புத்தகம் வாங்கி, பன்னிரண்டு வார வகுப்பு நடத்தி, சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம். கூட இருப்பதற்குத்தான் நேரம் இல்லை.

மூன்று நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களோடு ஆண்கள், பெண்களோடு பெண்கள். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். துக்க வீட்டில் நீங்கள் எப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை அவர் பார்க்கட்டும். வீட்டில் கணவனும் மனைவியும் சண்டை போட்டுச் சமாதானமாவதையும் பார்க்க நேர்ந்தால் இன்னும் நல்லது.

பேச வேண்டிய காரியங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கந்துவட்டிக்கு வாங்கிய கடன், வேலைக்கார அம்மாவுக்குத் தாமதமாகும் சம்பளம், போனில் இரவு பார்க்கும் படங்கள், குடி. எல்லாவற்றுக்கும் மேல் கல்யாணப் பேச்சு. கை தட்டிப் பாடும் அதே வீட்டில்தான் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கணக்குப் போடுகிறார்கள். வரன் தேடும் விளம்பரத்தில் "மறுபிறப்படைந்த" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. வரதட்சணை வாங்காமல் உங்கள் கூட்டத்தில் ஒரு கல்யாணம் நடந்தால், பத்து வருஷப் பிரசங்கம் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

6. ஞானஸ்நானத்துக்கு முன் உண்மையைச் சொல்லுங்கள்

ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் சந்தோஷத்தில் அவசரப்படாதீர்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கூடவே கூடாது. பணம், வேலை, பள்ளி இடம், கடன் உதவி என்று எதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். "வந்தால் வியாதி தீரும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபியுங்கள், அதோடு மருந்தையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

பட்டியல் சாதியிலிருந்து வருகிறவரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950 அரசியலமைப்பு ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இது நியாயமா என்ற வழக்கு நீண்டகாலமாக நடக்கிறது. ஆனால் இன்றைய நிலை இது என்பதைத் தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்கட்டும். இந்து என்று ஒன்று, கிறிஸ்தவர் என்று ஒன்று என இரண்டு சான்றிதழ் வைத்துக்கொள்ள வழி சொல்லித்தரும் ஊழியர்களும் உண்டு. அது பொய்யில் தொடங்கும் சீஷத்துவம்.

7. பணம்

காணிக்கையை எண்ணுவது இரண்டு பேர், அவர்கள் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. அந்தத் தொகையை அன்றே நோட்டில் எழுதுங்கள். உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் வரக் கூடாது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல்கூடத் தனியாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8).

வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்யுங்கள். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். உங்கள் குடும்பத்தாரையே போட்டு நிரப்பாதீர்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு 2010 எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ தேவை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா சபைக்கு அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான்.

8. அக்கம்பக்கம், பிள்ளைகள், கல்லறை

வீட்டில் நாலு பேர் கூடி ஜெபிப்பது வேறு, வீட்டையே பொது வழிபாட்டு இடமாக மாற்றுவது வேறு. ஆலயம் கட்டவோ, கட்டடத்தை அப்படி மாற்றவோ தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி கேட்பார்கள். அந்தக் கட்டம் வரும்போது உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். மைக் வேண்டாம், ஹாலில் இருக்கும் பதினைந்து பேருக்கு எதற்கு மைக்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. எதிர்வீட்டுப் பையனுக்குப் பொதுத்தேர்வு என்றால் பாட்டையே குறைத்துக்கொள்ளுங்கள்.

சண்டே கிளாஸில் பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். "சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பது குற்றம்.

கல்யாணம் நடத்தி வைக்க எல்லாப் போதகருக்கும் சட்ட அதிகாரம் கிடையாது. 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யாருக்கு உரிமம் என்று சொல்கிறது.

தனிச் சபைகள் கடைசி நிமிடத்தில் தவிப்பது கல்லறைக்குத்தான். பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் அந்தந்தச் சபையின் உறுப்பினருக்கு மட்டுமே. ஒரு தாத்தா இறந்து, ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, இடத்துக்காக நான்கு அலுவலகங்களில் நிற்பது கொடுமை. யாரும் சாகாதபோதே பஞ்சாயத்திலோ மாநகராட்சியிலோ பொது இடுகாடு எது, பழைய சபை நம் ஆட்களை ஏற்குமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9. இப்போது ஞாயிறு

ஒரு வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டு, வேதம் வாசித்து, ஒருவர் கடனை ஒருவர் தெரிந்துகொண்டு, சண்டையும் போட்டு மத்தேயு 18 சொல்கிறபடி நேரில் பேசித் தீர்த்துக்கொண்ட பத்துப் பதினைந்து பேர் இருந்தால், ஞாயிறு ஆராதனையைத் தொடங்கலாம். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை ஞானஸ்நானம் பெற்றது 1778-ல், ஆலயம் எழுந்தது 1785-ல். ஆலயம் வருவதற்கு முன்பே, 1780-லேயே, சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன.

ஆராதனை எளிமையாக இருக்கட்டும். எல்லாருக்கும் தெரிந்த இரண்டு கீர்த்தனை, வேத வாசிப்பு, சிறிய செய்தி, திருவிருந்து, பெயர் சொல்லி ஜெபம். பேர்பலகை பற்றி ஒரு வார்த்தை: "உலக", "சர்வதேச" என்று தொடங்கும் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். தெருப் பெயரே போதும்.

10. மூப்பர்களும் அடுத்த வீடும்

பவுல் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுத்தான் போனார். நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். 1 தீமோத்தேயு 3-ல் உள்ள தகுதிகளில் போதிக்கும் திறமை ஒன்றுதான். மற்றவை கோபம், பணம், குடி, வீடு பற்றியவை. அவர் மனைவியிடமும் அலுவலகத்திலும் விசாரியுங்கள். மூப்பர்கள் மூன்று பேராவது இருக்கட்டும், உங்களிடம் "இல்லை, இது தப்பு" என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது அதில் இருக்கட்டும்.

ஹால் நிரம்பியதும் பெரிய ஹால் தேடாதீர்கள். இரண்டு குடும்பங்களை அடுத்த பகுதிக்கு அனுப்புங்கள். தொந்தரவு கொடுப்பவர்களை அனுப்பத் தோன்றும். அந்தியோகியா சபை அனுப்பியது பர்னபாவையும் சவுலையும் (பவுல்தான்), அதாவது இருந்தவர்களில் நல்லவர்களை. கையில் இருக்கும் காணிக்கையில் ஒரு பங்கையும் பாய்களில் பாதியையும் கொடுத்தனுப்புங்கள். முதல் மூன்று மாதம் நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள். போனால் உங்களைத்தான் பேசச் சொல்வார்கள்.