கோழி இறகு பிடுங்க தண்ணீர் கொதிக்கக் கூடாது

வீட்டு பிராய்லர் 6, 7 வாரத்தில் அறுக்கத் தயார். முதல் நாள் இரவே தீனியை நிறுத்தி தண்ணீர் மட்டும் வையுங்கள், குடல் காலியாக இருந்தால் கிழிந்தாலும் கறி அசுத்தமாகாது. இங்கே ரங்கூனில் பலர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார்கள், தோல் வெந்து இறகோடு பிய்ந்து வந்துவிடுகிறது, பார்க்கவே மனசு கேட்காது. 60 முதல் 65 டிகிரி போதும். நம் வெயிலுக்குக் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு என்பதால், கொதித்த தண்ணீரில் அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் அந்தச் சூடு வந்துவிடும். காலைப் பிடித்து முக்கி ஒரு நிமிடம் ஆட்டுங்கள், வால் இறகு வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. அப்புறம் ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பை உடையாமல் எடுங்கள், உடைந்தால் ஒரே கசப்பு. சுத்தம் செய்த உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள்.