மேடையில் பாடியதும் ஸ்டூடியோவில் பாடியதும்: ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

முதல் வேலை, வால்யூமைச் சரி பண்ணுவது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும், ஒரு டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடினாலே போதும். சத்தம் குறையும்போது பேஸ், அதாவது அடி ஒலிகள், மற்றதைவிட வேகமாக மங்கிவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஸ்டூடியோ பதிவு பெரும்பாலும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அழுத்தி, சத்தமாக்கி வருவதால் ஒன்றும் செய்யாமல் கேட்டால் அதுவே ஜெயிக்கும். குரல் மட்டும் தெளிவாக வரும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் அது ஒரே அளவில் கேட்கும்வரை வால்யூமைத் திருகிவிட்டு, அப்புறம் ஆரம்பியுங்கள்.

அடுத்தது, கையில் இருப்பது எந்த வகை லைவ் என்று பாருங்கள். கூட்டத்தில் நின்று ஒருவர் ஃபோனில் பிடித்ததில் பாட்டைவிட அரங்கத்தின் எதிரொலிதான் அதிகம் இருக்கும். மிக்ஸரிலிருந்து, அதாவது எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியிலிருந்து, நேராக எடுத்தது வேறு மாதிரி ஏமாற்றும்: சின்ன அரங்கில் டிரம்ஸும் கிடார் ஆம்ப்பும் தாமாகவே எல்லோருக்கும் கேட்டுவிடும், அதனால் மிக்ஸரில் அவற்றைக் குறைத்தே வைப்பார்கள், பதிவில் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், அதைக் கேட்டுவிட்டு டிரம்மர் சொதப்பினார் என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். மூன்றாவது, ஒவ்வொரு மைக்கையும் தனி டிராக்கில் பதிந்து, பிறகு மிக்ஸ் செய்து வெளியிடும் லைவ் ஆல்பம். ஒலி நன்றாக இருக்கும், ஆனால் பிசகிய வரிகளை ஸ்டூடியோவில் திரும்பப் பாடி ஒட்டுவது அங்கே சகஜம்.

இனி கேட்கலாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்.

வேகம்: தாளத்தோடு விரலால் 30 விநாடி தட்டி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ஸ்டூடியோவில் கிளிக் டிராக் (காதில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டு) வைத்து வாசித்திருந்தால் முதலிலிருந்து கடைசிவரை அந்த எண் அசையாது. கிளிக் இல்லாத மேடையில் பல்லவி வரும்போது ஏறும், கூட்டம் சேர்ந்து பாடினால் இன்னும் ஏறும். சுருதி: மேடையில் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கிப் பாடுவதுண்டு. இரண்டு மணி நேரம் தொண்டை தாங்க வேண்டுமே, அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மூச்சைக் கேட்பது. ஸ்டூடியோவில் ஒரு நீண்ட வரி இடைவெளியே இல்லாமல் ஓடும், ஏனென்றால் அது இரண்டு மூன்று டேக்குகளை, அதாவது தனித்தனியாகப் பாடிப் பதிந்தவற்றை, வெட்டிச் சேர்த்ததாக இருக்கலாம். மேடையில் அதே வரியின் நடுவில் பாடகர் சட்டென்று காற்றை இழுப்பார், அடுத்த சொல் ஒரு துளி தாமதமாக விழும், அந்தத் தாமதத்துக்காக பேஸ் கிடார் வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பார். அந்த அரை விநாடியை நான்கைந்து தடவை ஓட்டிக் கேளுங்கள். ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பது என்றால் என்ன என்று அங்கே தெரியும்.

எல்லாவற்றையும் ஒப்பிட முடியாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். 1966-ல் டூர் போவதை நிறுத்திய பிறகு பீட்டில்ஸ் குழு அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்கிய பல பாட்டுகளை நான்கு பேர் மேடையில் வாசித்துவிட முடியாது. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964-ல் கச்சேரிகளையே விட்டுவிட்டு, ஒட்டி வெட்டிச் செய்யும் பதிவைத்தான் தன் கலையாக எடுத்துக்கொண்டார். நேர்மாறாக, ஜாஸ் பியானோ கலைஞர் கெய்த் ஜாரெட் 1975-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தனியாக வாசித்தது கிட்டத்தட்ட முழுக்க அந்த இடத்தில் பிறந்தது, அதற்கு ஸ்டூடியோ வடிவமே கிடையாது. கிடைத்த பியானோவில் மேல் ஸ்வரங்களும் அடி ஸ்வரங்களும் சரியில்லாததால் நடுப்பகுதியிலேயே அதிகம் சுழன்றார், அந்த இசையின் உருவமே அப்படி வந்தது.

நீங்களே கச்சேரிக்குப் போயிருந்தால் அன்று இரவே நாலு வரி எழுதி வைத்துவிடுங்கள். பதிவைப் பத்து தடவை கேட்ட பிறகு நினைவும் பதிவு மாதிரியே மாறிவிடும்.

கடைசியாக, பாட்டு முடிகிற இடம். ஸ்டூடியோவில் சத்தத்தை மெதுவாகக் குறைத்து மறையவிட்ட பாட்டாக இருந்தால் மேடையில் அதற்கு ஒரு முடிவு கண்டுபிடித்தே ஆக வேண்டும். யார் சைகை கொடுக்கிறார், எல்லோரும் ஒன்றாக நிறுத்துகிறார்களா, கடைசி ஸ்வரத்தை எவ்வளவு நேரம் தொங்கவிடுகிறார்கள் என்று கைதட்டல் எழும்வரை கேளுங்கள்.